சாரதியின் ஆசனமும் கரியள்ளியவனின் கையும்

நெடுங்காலமாக நூதனசாலைகள் மன்னர்களின் வாள்களையும் மணிமுடிகளையுமே போற்றிக் காத்து வந்தன. புகையிரதம் அங்கே இடம்பெற்றபோது உழைக்கும் மக்களின் கருவியொன்று உள்ளே நுழைந்தது எனலாம். ஆனால், அது ஓடாது நிற்கும் இரும்பாகவே நின்றது. இன்று கணினி அக்குறையைப் போக்க முன்வந்துள்ளது. ஜப்பானின் சைதாமா நகரில் 2007 இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையில், பார்வையாளர் ‘டி51’ நீராவி எஞ்சினைத் தாமே இயக்கிப் பார்ப்பதற்கு ஒரு சிமுலேற்றர் அமைக்கப்பட்டது. ஒரு காலத்திற் பயிற்சி பெற்றவர் மட்டுமே அமர்ந்த ஆசனத்தில் இன்று பள்ளிச் சிறுவனும் அமரலாம். இது வரவேற்கத்தக்க மாற்றமே.

ஆயினும், அந்த ஆசனத்திலிருந்து எதைக் காண்கிறோம், எதைக் காணாது விடுகிறோம் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

2001 இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் வெளியிட்ட புகையிரதச் சிமுலேற்றரை உதாரணமாகக் கொள்வோம். அதிலுள்ள பாதைகளுள் ஒன்று வட இங்கிலாந்தின் செற்றில் – கார்லைல் பாதை. அதில் ஓடும் எஞ்சின் ‘பிளையிங் ஸ்கொட்ஸ்மன்’. 1923 இல் டொங்காஸ்ரரிற் கட்டப்பட்ட இந்த எஞ்சின் கிழக்குக் கரைப் பாதையை நடத்திய கம்பனிக்குரியது. செற்றில் பாதையோ அக்காலத்தில் அதற்குப் போட்டியான வேறொரு கம்பனியின் சொத்து. பிற்காலத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டுதான் இந்த எஞ்சின் அங்கே சென்றது. விளையாட்டில் இது பிழையன்று. நூதனசாலையிலோ, இவ்வுண்மையை அருகில் எழுதி வைக்காவிடின் கற்பனையே வரலாறாகிவிடும்.

இதனினும் பெரிய மறைப்பு ஒன்றுண்டு. நீராவி எஞ்சினை ஓட்டியவர் ஒருவரல்லர், இருவர். சாரதி நெம்புகோலைப் பிடித்திருக்க, மற்றவர் அடுப்பிற் கரியை அள்ளியிட்டுக் கொதிகலனின் நீர்மட்டத்தைக் காத்து நின்றார். சிமுலேற்றரில் இவ்விரண்டாம் மனிதரின் வேலையைக் கணினியிடமே ஒப்படைத்துவிடலாம். நாமே செய்ய விரும்பினாலும் ஒரு விசையை அழுத்தினாற் போதும். செற்றிலிலிருந்து வடக்கே நூறு அடிக்கு ஓரடி வீதம் பல மைல் தூரம் ஏறும் அப்பாதையில், அவ்விசைக்குப் பின்னால் ஒரு மனிதனின் முதுகெலும்பு இருந்தது. 1928 மே மாதம் முதலாந் திகதி, இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 392 மைல் இடைநில்லாச் சேவை தொடங்கியபோது, கரிவண்டியினூடாக ஒடுங்கிய நடைவழியொன்று அமைக்கப்பட்டது. ஏன்? நடுவழியில் ஆட்களை மாற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் நில்லாது ஓடும். மனித உடல் ஓய்வின்றி உழைக்க மாட்டாது.

பாதையின் கதையும் இத்தகையதே. கம்பனிகளின் போட்டியிற் பிறந்த திட்டம் அது. 1869 இல் கம்பனியே அதைக் கைவிட விரும்பியும் பாராளுமன்றம் இணங்கவில்லை. 1876 இற் பயணிகளுக்குத் திறக்கப்படும் வரை அங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர் உழைத்தனர். இருபத்துநான்கு வளைவுகளைக் கொண்ட றிபிள்ஹெட் பாலத்தின் அருகே, சேறும் காற்றும் நிறைந்த வெளியில், குடும்பங்களோடு குடிசைகளில் வாழ்ந்தனர். விபத்தும் அம்மைநோயும் பலரைப் பலிகொண்டன. அயலிலுள்ள சப்பல்-லீ-டேல் தேவாலய மயானத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் புதைக்கப்பட்டனர். அவர்களுட் பெண்களும் குழந்தைகளும் அடங்குவர். கணினித் திரையில் அப்பாலத்தைச் சில விநாடிகளிற் கடந்துவிடுகிறோம்.

ஆகவே சிமுலேற்றரை நூதனசாலையிலிருந்து விலக்க வேண்டுமென்பது நம் வாதமன்று. ‘ஓப்பன் றெயில்ஸ்’ போன்ற இலவச மென்பொருள்கள் இருப்பதால் வசதி குறைந்த சிற்றூர் நூதனசாலையும் பாடசாலையும் இதனைப் பயன்படுத்தலாம். ஆனால், திரையின் அருகே கரியள்ளும் சவளையும் வைக்கட்டும். ஒருமுறை தூக்கிப் பார்க்கும்படி மாணவரை அழைக்கட்டும். பாலம் வருமிடத்தில் வண்டியை நிறுத்தி, அதனைக் கட்டியோரின் கதையைச் சொல்லட்டும். சாரதியின் ஆசனத்தை மக்களுக்குத் திறந்துவிட்ட நூதனசாலை, அவரருகே நின்று உழைத்தவருக்கும் ஓரிடம் தரக் கடமைப்பட்டுள்ளது.