தோர்ணக்கல் காட்டிய தோழமை

பொருள் தேடிப் பிறமொழி மாநிலம் புகுந்தவர்கள் நாம். அருள் பகிர்ந்துகொள்ளப் பிறமொழி நிலம் புகுந்த தமிழரும் நம் வரலாற்றில் உளர். அவருள் ஒருவரை ஈண்டு நினைவுகூர்வோம்.

1874-ஆம் ஆண்டு நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல்கடந்து தமிழகத்தில் நற்செய்திப் பணியாற்றுவதை அறிந்தார். பெற்றுக்கொள்வதோடு நெல்லைச் சபை நின்றுவிடலாமா என்னும் கேள்வி எழுந்தது. அதன் விடையாக 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. நெல்லை மக்களின் காணிக்கையும் ஆட்களும் கொண்டே, அந்நாளைய நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லில் பணி தொடங்கிற்று.

1909-இல் குருப்பட்டம் பெற்ற அசரியா அங்கேயே குடியேறினார்; தெலுங்கைக் கற்றார். தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களின் சிற்றூர்கள்தோறும் சென்றார். துணைவியார் அன்பு மரியம்மாள் பெண்களிடையே பணியாற்றினார்.

1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை அவையை அதிரச் செய்தது. மேனாட்டு ஊழியரின் ஈகையையும் தியாகத்தையும் போற்றிய அவர், இந்தியரைச் சமமாக மதித்து உடனிருந்து உண்ணும் நட்பு அவர்களிடம் அரிதாயிருப்பதை அஞ்சாது எடுத்துரைத்தார். கொடுப்பவர் மேலாகவும் கொள்பவர் கீழாகவும் நிற்குமிடத்தில் அன்பின் செய்தி எவ்வாறு வேர்கொள்ளும்? அவ்வுரையின் உயிர்நாடி இதுவே எனலாம்.

1912-இல் கல்கத்தாவில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி பெற்றது அதுவே முதன்முறை. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் பேய்கள் என்று கூறி அவற்றை எதிர்த்துப் போராடினார். ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியைப் பிறர்க்கு அறிவிப்பதாக உறுதிகூறும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். எனவே மறைபரப்பு குருமார்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. உழவரும் கூலியாளரும் வயலிலும் வீட்டுத் திண்ணையிலும் அதனைச் செய்தனர். நேற்றுவரை குடியில் மூழ்கியவன் திருந்தி வாழ்வதைக் கண்ட அண்டை அயலார்க்கு, அவ்வாழ்வே சொற்பொழிவாயிற்று.

1939-இல் திருநிலைப்படுத்தப்பட்ட தோர்ணக்கல் பேராலயம், கோயில் தூண்களின் சாயலும் மசூதிக் குவிமாடங்களின் சாயலும் ஒருங்கே கொண்டு இன்றும் நிற்கிறது. 1945-இல் அசரியா மறைந்தார். தெலுங்கு மண்ணே அவரைத் தாங்கிக்கொண்டது.

நம் சமயம் எதுவாயினும் ஆகுக. நம் அண்டை வீட்டாரின் மொழியை நாம் கற்றோமா? அவரோடு அமர்ந்து ஒருவேளை உண்டோமா? தோர்ணக்கல் நம்மை நோக்கிக் கேட்கும் வினா இது. இதற்கு விடைகூறும் கடமை நம் ஒவ்வோர் இல்லத்திற்கும் உண்டு.