விதை நிதியும் மாந்தைக் கராம்பும்

மடு ஆடித் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, இளம் விரிவுரையாளர் ஒருவர் கோயில் வளவில் என்னைக் கண்டு ஒரு கடதாசிக் கட்டை நீட்டினார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கூட்டாய்வுக்கு வழங்கும் விதை நிதிக்கான விண்ணப்பம் அது. "ஐயா, மொழி சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

மொழியில் பிழை இல்லை. 'ஏன் இந்த இடம்?' என்ற வினாவுக்கு அவர் இரண்டு வரிகள்தாம் எழுதியிருந்தார். ஆய்வுத் தலைவர் என்ற இடத்தில் வெளிநாட்டுப் பேராசிரியரின் பெயர் இருந்தது. தம் பெயரைக் 'களஉதவி' என்ற தலைப்பின்கீழ் எழுதியிருந்தார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

விதை நிதி என்பது பெரிய ஆய்வுக்கான பணமன்று. ஒரு பயணம், சில மாதிரிகள், ஒரு சிறு பரீட்சார்த்தக் குழி, இரு தரப்பினரும் சந்தித்துப் பேச ஒரு கருத்தரங்கு ஆகியவற்றுக்கு அது போதும். அதில் கிடைக்கும் முதற் சான்றைக் காட்டியே பெருநிதி கேட்க முடியும். எனவே, முதல் வினாவை யார் எழுப்புகிறார்கள் என்பதே பின்னால் வரும் யாவற்றையும் தீர்மானிக்கிறது.

மன்னார்க் கடல் இதை முன்பே கண்டிருக்கிறது. 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் இங்கு வந்து முத்துச்சிப்பிப் பார்களை ஆராய்ந்தார். உடன்வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் தங்கிநின்று பணியைத் தொடர்ந்தார். அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அறிவியலுக்கு அது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்குப் பின்னால் நின்ற வினா குடியேற்ற அரசின் வருவாய் பற்றியது. மூச்சடக்கிக் குளித்தவனின் வாழ்வு பற்றியதன்று.

அடுத்தது மாந்தை. 1670இல் ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சிய கத்தோலிக்கர் மாதாவின் திருச்சொரூபத்தை அங்கிருந்துதான் மடுக் காட்டுக்குக் கொண்டுவந்தனர் என்பது மரபு. திருக்கேதீச்சரம் நிற்பதும் அந்தப் பழந்துறைமுக மேட்டிலேயே. 1980இல் ஜோன் கார்ஸ்வெல்லும் மார்தா பிரிக்கெற்றும் அங்கு முன்னோடி ஆய்வொன்றை நடத்தினர். அந்தச் சிறு தொடக்கமே பெரிய அகழ்வுகளுக்கு வழிவிட்டது. 1984இல் போர் அதை நிறுத்தியது. முழு அறிக்கை நூலாக வெளிவந்ததோ 2013இல். இடையில் 29 ஆண்டுகள்!

போர் முடிந்த கையோடு, 2009–10இல் தொல்லியல் திணைக்களமும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும், ஒக்ஸ்போர்டில் நிக்கோல் போய்வின் தலைமையில் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுடன் இயங்கிய 'சீலிங்ஸ்' திட்டமும் இணைந்து மாந்தையை மீண்டும் தோண்டின. இம்முறை மண்ணை நீரிலிட்டு, மிதந்துவந்த கரிந்த வித்துகளைச் சேகரித்தார்கள். நெல், மிளகு, கோதுமை, திராட்சை வித்து ஆகியன கிடைத்தன. அவற்றோடு ஒரேயொரு கராம்பு. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர் கடல் கடந்து வந்தது. 2018இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் முதலாசிரியர் எலினோர் கிங்வெல்-பன்ஹாம். இணையாசிரியர்களில் இலங்கை அறிஞர்களும் உளர். அது வரவேற்கத்தக்கது.

மாந்தையில் முதற்குழி வெட்டப்பட்ட அதே காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் ஆனைக்கோட்டையில் அகழ்ந்து, பெயர் பொறித்த முத்திரையைக் கண்டெடுத்தனர். அப்பல்கலைக்கழகத்துக்கு அப்போது வயது பத்துக்கூட நிரம்பவில்லை. வினா எழுப்பும் ஆற்றல் நம்மிடம் இல்லாதிருந்ததில்லை. இன்று வவுனியாவிலும் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஆகவே அந்த இளைஞரிடம் மூன்று காரியங்கள் சொன்னேன். வினாவை நீரே எழுதும். மாதிரிகள் எங்கே வைக்கப்படும், கட்டுரையில் எவரெவர் பெயர் இடம்பெறும் என்பதைக் கையொப்பத்துக்கு முன்னரே எழுத்தில் பெறும். முடிவுகள் தமிழிலும் வெளிவருவதற்கு வரவுசெலவில் ஒரு சிறு தொகை ஒதுக்கும்.

"அப்பிடிக் கேட்டால் தருவினமோ, ஐயா?" என்றார். தராமலும் போகலாம். கேட்காதவருக்கு ஒருபோதும் தருவதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு சொல். கோபுரங்களுக்குக் கொடுக்கிறீர்கள், நல்லது. ஒரு மாணவரின் ஆய்வுப் பயணத்துக்கும் ஆய்வுகூடக் கட்டணத்துக்கும் கொடுத்துப் பாருங்கள். ஒரு கராம்பு ஆயிரம் ஆண்டுகள் மாந்தை மண்ணில் காத்திருந்தது. நம் மாணவர்களால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.