பழி தண்ணீருக்கு, காரணம் வேறிடத்தில்
முடி உதிர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புஜைராவில் தொழில் புரியும் எம்மவரிடம் சுகம் விசாரித்தால், சம்பளத்துக்கும் வெயிலுக்கும் அடுத்ததாக அவர்கள் முறையிடுவது தலைமுடி பற்றியே. வந்து மூன்று மாதம் ஆகவில்லை, சீப்பெல்லாம் முடி என்பர். பழியைக் குழாய்த் தண்ணீர் மீது சுமத்துவர். ஊர்க் கிணற்றில் அள்ளி முழுகிப் பழகியவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. முன்னாளில் மலையடிவாரக் கிணறுகளை நம்பியிருந்த அக்கரையில், இன்று கித்ஃபாவிலுள்ள ஆலைகள் கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிநீராக்குகின்றன. ஆயினும் அந்நீரில் கடலின் உப்பு மிகச் சிறிதளவே எஞ்சுகிறது. உவர்நீர் முடியை வறளச் செய்யலாம், இடையில் முறியச் செய்யலாம். முடி வேரோடு கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் உடலின் உள்ளே இருக்கிறது. இதை வரலாறு பலமுறை உணர்த்தியிருக்கிறது.

1861ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தாலியம் என்னும் உலோகத்தின் உப்பை, காசநோயாளரின் இரவு வியர்வையைத் தணிக்கும் மருந்தாக ஐரோப்பிய வைத்தியர்கள் கொடுத்தனர். நோயாளரின் முடி கொத்தாக உதிர்ந்தது. அந்தத் தீங்கையே பயனாகக் கொண்டு, பாரிஸ் நகரின் தோல்நோய் நிபுணர் சபூரோ, தலைப்படை கண்ட சிறுவரின் முடியை அகற்ற அதனைக் கையாண்டார். பின்னர் அது எலிக்கும் பூச்சிக்கும் நஞ்சாகியது. 1977இல் வளைகுடா நாடான கட்டாரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு பெண்குழந்தையின் நோயை வைத்தியர்களால் இனங்காண முடியவில்லை. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலொன்றை வாசித்துக்கொண்டிருந்த தாதி ஒருவர், கதையில் வரும் நச்சுக்குறிகளும் குழந்தையின் முடி உதிர்வும் ஒத்திருப்பதைக் கண்டு எடுத்துரைத்தார். பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது. வீட்டில் பூச்சிகளை ஒழிக்கப் பயன்படுத்திய நஞ்சே காரணம். குழந்தை தேறியது.

அண்மைய நிகழ்வு ஒன்றும் எமது கவனத்துக்குரியது. 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025இன் தொடக்கத்திலும் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்தில், ஷேகாவ் பகுதிக் கிராமங்களைச் சேர்ந்த 250க்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் முடி இழந்தனர். அங்கும் முதற்பழி தண்ணீருக்கே. பின்னர் ஆராய்ந்த வைத்தியர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பங்கீட்டுக் கடையில் வழங்கப்பட்ட கோதுமையில் செலினியம் மிகுந்திருந்ததே காரணம் என்று அறிவித்தார். செலினியம் உடலுக்குச் சிற்றளவில் தேவையானது. மிகுந்தால் முடியையும் நகத்தையும் வீழ்த்தும். 1960களின் தொடக்கத்தில் சீனாவின் என்ஷி பகுதியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. முடிக்கு நல்லதென்று எண்ணிச் சத்து மாத்திரைகளை அளவின்றி விழுங்குவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். உயிர்ச்சத்து 'ஏ' மிகுந்தாலும் முடி உதிரும்.

எனினும் எம்மவருக்கு மிக நெருங்கிய காரணம் நஞ்சன்று. 1961இல் அமெரிக்கத் தோல்நோய் அறிஞர் ஆல்பர்ட் கிளிக்மன் அதனை விளக்கினார். தலையிலுள்ள ஏறக்குறைய ஒரு இலட்சம் முடிகளுள் பத்தில் ஒரு பங்கு எப்போதும் ஓய்வில் இருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழமை. கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, பட்டினி, பெருந்துயர் ஆகியவற்றால் உடல் அதிர்ந்தால் பெருந்தொகை முடி ஒரே வேளையில் ஓய்வுக்குச் செல்கிறது. ஆனால் உடனே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்தே விழுகிறது.

புதிதாக வந்தவரின் கணக்கு பிழைப்பது இங்கேதான். இன்று உதிரும் முடிக்குக் காரணம் இன்று முழுகிய தண்ணீரன்று; மூன்று மாதங்களுக்கு முன் கடந்த பயணமும், உறங்காத இரவுகளும், அரைவயிற்று உணவும், பிள்ளைகளைப் பிரிந்த துயரமுமே. இடம்பெயர்ந்த எமது குடும்பங்களுக்கு இவற்றை விளக்கத் தேவையில்லை. காரணம் நீங்கினால், இவ்வகையில் உதிர்ந்த முடி பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டும் வளரும்.

ஆகவே, வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தை எண்ணெய்ப் போத்தல்களில் கரைக்குமுன், கடந்த மூன்று நான்கு மாதங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். உதிர்வு நீடித்தால் வைத்தியரிடம் சென்று இரும்புச்சத்தையும் தைரொயிட் சுரப்பியையும் இரத்தப் பரிசோதனையால் அறிவோம். இரத்தம் உறையாதிருக்கவும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் முடியை உதிர்க்கலாம். அவற்றை நாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கூறுவோம். நாள்முழுதும் கூந்தலை இறுக்கி முடிந்து துணியால் மூடி வேலை செய்யும் சகோதரிகள், இரவிலேனும் அதனைத் தளர்த்தி விடுவது நன்று.

முடி போவது சிறு காரியமாகத் தோன்றலாம். ஆனால் உடல் பட்ட இன்னலுக்கு அது சொல்லும் சாட்சி. தண்ணீரைப் பழித்து அந்தச் சாட்சியத்தைக் கேளாது விடுவோமாயின், இழப்பது முடியை மட்டுமாக இராது.