200 பேருக்கு ஒரு சபை

இருநூறு பேர் இருக்கிற தீவுக்குத் தனிச் சபை எதுக்கு?

நோர்வேயின் மேற்குக் கரையில், ஹவுகேசுண்ட் நகருக்கு அங்கால, நடுக்கடலில் கிடக்குது உட்சிரா. பரப்பளவு வெறும் 6 சதுர கிலோமீற்றர். நாட்டிலேயே ஆகக் குறைந்த சனத்தொகை உள்ள உள்ளூராட்சிப் பிரதேசம் இதுதான். மீன்பிடிச் சனம், இரண்டு துறைமுகம், குன்றின் மேல் 1844ஆம் ஆண்டு வெளிச்சவீடு.

1924இல் உட்சிராவுக்குத் தனிச் சபை கிடைத்தது. அடுத்த வருசமே நடந்த தேர்தலில் 12 ஆசனங்களில் 11 பெண்களுக்கு! ஆண்கள் பகிடிக்குத்தான் பெண்களின்ர பெயரைப் போட்டவை என்று சொல்லுவினம். ஆனால் பெண்கள் அதைப் பகிடியாக எடுக்கேல்லை. ஊர் மருத்துவிச்சி ஓசா ஹெல்கெசன் தவிசாளரானார். நோர்வேயின் முதல் பெண் தவிசாளர் அவர்தான். 1926 முதல் 1928 வரை சபையை நடத்திக் காட்டினம்.

பிறகு சின்னச் சபைகளை இணைக்கிற காலம் வந்தது. 428 ஆக இருந்த சபைகள் 2020இல் 356 ஆகின. உட்சிரா தனியாகவே நிற்குது.

பக்கத்துப் பெரிய சபையோட சேர்ந்தே இருந்திருந்தால், ஒரு தீவு மருத்துவிச்சிக்கு அந்தக் கதிரை கிடைத்திருக்குமா? முதல் கேள்விக்குப் பதில் அதுக்குள்ளேயே இருக்கு.