சோழகங்கத்தின் படுகையில் எழுந்த காடு: மீன்சுருட்டி வட்டாரப் புதர்க்காட்டின் வரலாறு

மீன்சுருட்டியை அடுத்துள்ள கங்கைகொண்டசோழபுரத்தின் வரலாறு பெரும்பாலும் கோயிலையும் கல்வெட்டுகளையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வூரைச் சூழ்ந்த புதர்க்காடு அவ்வரலாற்றில் அழிவின் அடையாளமாக மட்டுமே இடம்பெறுகிறது. இக்கருத்து மறுஆய்வுக்குரியது.

முதலாம் இராசேந்திரன் தன் கங்கைப் படையெடுப்பின் நினைவாக அமைத்த சோழகங்கம் என்னும் பேரேரியை, நீராலான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் போற்றுகின்றன. 1855இல் ஃபாரோ நிறுவனம் வெளியிட்ட தென்னிந்திய விவரச்சுவடி, உடையார்பாளையம் பகுதியில் வடக்குத் தெற்காக 16 மைல் நீண்ட ஏரிக்கரையைக் குறிப்பிடுகிறது. கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட கால்வாய் ஒன்றும் வெள்ளாற்றிலிருந்து சிறு கால்வாய் ஒன்றும் அதற்கு நீர் கொணர்ந்தன. பகைப்படையொன்று ஏரியை வேண்டுமென்றே அழித்ததாகச் சொல்லப்படுவதையும் அந்நூல் பதிவு செய்கிறது. சூழலியல் நோக்கில் முதன்மையானது வேறொரு செய்தி: நெடுங்காலமாகத் தூர்ந்து கிடந்த ஏரிப்படுகை, ஏறத்தாழ முழுவதும் உயர்ந்த அடர்காட்டால் மூடப்பட்டிருந்தது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன என்னும் செய்தியே அறிஞர்களால் மிகுதியும் எடுத்தாளப்பட்டது. காட்டைப் பற்றிய தொடர் கவனம் பெறவில்லை.

ஒருகாலத்தில் நீர் நின்ற இடத்தில் எழுந்தமையால், அக்காட்டைத் தொல்காடு எனக் கொள்ள இயலாது. கைவிடப்பட்ட நிலத்தில் காடு தானே மீண்டமைக்கு அது சான்றாகிறது.

இம்மீட்சியின் இயல்பைத் தட்பவெப்பம் விளக்கும். இவ்வட்டாரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மி.மீ.; அளவால் இது வறள்நிலமன்று. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிய, தை முதல் ஆனி வரை மண் காய்கிறது. ஆகவே தடித்த இலைகளால் நீரைக் காக்கும் காசான், வீரை, உலக்கைப்பாலை ஆகியவை ஒருபுறமும், காரை, சூரை முதலிய முட்செடிகள் மறுபுறமும் இங்கு நிலைபெறுகின்றன. இவற்றுள் முட்புதரின் பங்கு பெரிது. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று புதர்மேல் அமர்ந்து எச்சமிட, விதை புதரடியில் விழுகிறது. ஆடு வாய்வைக்க இயலாத அம்முள்வேலிக்குள் மரக்கன்று நிழல்பெற்று வளர்கிறது. நரியும் மரநாயும் விதைகளை இன்னும் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றன. கௌதாரிக்கும் முயலுக்கும் புதரே புகலிடம். விறகுக்காகப் புதர் வெட்டப்படும் இடத்தில் இச்சங்கிலி அறுபடுகிறது; காடு குட்டையாகி முள்வெளியாகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து இங்கு நினைக்கத்தக்கது. எனினும் எதிர்த்திசை மாற்றமும் நிகழும் என்பதற்கு ஏரிப்படுகையே சான்று.

ஊர்ப்பெயர்களைச் சான்றாக்குவதில் எச்சரிக்கை வேண்டும். அருகிலுள்ள காடுவெட்டியின் பெயரைக் காடழித்துக் குடியேறியமைக்குச் சான்றாகக் காட்டத் தோன்றும். ஆயின் காடுவெட்டி என்பது பல்லவர்க்கு வழங்கிய பட்டமுமாகும். அப்பெயர் கொண்டு காட்டின் பரப்பை அளத்தல் பொருந்தாது.

வருவாய் ஆவணங்களில் இத்தகைய நிலங்கள் தரிசு என்னும் சொல்லுக்குள் அடங்கின. வரி தராமையைக் குறித்த அச்சொல், காலப்போக்கில் உயிர் இன்மையைக் குறிப்பதாயிற்று. செயங்கொண்டம் வட்டாரத்தில் இன்று பரந்துள்ள முந்திரித் தோப்புகளையும் மக்கள் காடு என்றே வழங்குகின்றனர். ஒரே மரத்தாலான அத்தோப்பில், விதை பரப்பும் பறவைக்கும் கன்று காக்கும் புதருக்கும் இடம் குறைவு. சோழகங்கத்தின் எஞ்சிய பகுதி பொன்னேரி என வழங்குகிறது. அதனைத் தூர்வாரி மீட்கும் முயற்சிகள் ஏரியின் பழைய எல்லையைத் தேடும்போது, 1855இன் விவரச்சுவடி காட்டும் காட்டின் எல்லையும் அதே நிலத்தில்தான் அமைகிறது.