சாவி (சொல் வரலாறு)

சாவி என்பது பூட்டைத் திறக்கவும் பூட்டவும் பயன்படும் கருவியைக் குறிக்கும் சொல். தமிழில் அன்றாடம் வழங்கும் இச்சொல், போர்த்துக்கீசிய மொழியின் 'சாவே' என்பதிலிருந்து வந்த கடன்சொல்லாகும். அதன் மூலம் இலத்தீன் மொழியின் 'கிளாவிஸ்'. இத்தாலியர் வழங்கும் 'கியாவே' என்ற சொல்லும் அதே மூலத்திலிருந்து பிறந்தது.

சொற்பிறப்பு

'கிளாவிஸ்' என்பது மூடுதலைக் குறிக்கும் 'கிளவ்தெரே' என்ற இலத்தீன் வினையோடு உறவுடையது. இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளில் இதன் முதல் ஒலி வெவ்வேறாகத் திரிந்தது. பிரெஞ்சில் 'கிளே' என நின்றது. இத்தாலியத்தில் 'கிய' என்றும் போர்த்துக்கீசியத்தில் 'ச்ச' என்றும் மாறியது. இன்றைய லிஸ்பன் வழக்கில் இது 'ஷ' என ஒலிக்கிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் 'ச்ச' ஒலியே இருந்தது. தமிழ் 'சாவி', இந்தி 'சாபி' ஆகியவை அந்தப் பழைய ஒலிப்பைக் காட்டுகின்றன.

தமிழுக்கு வந்த வழி

வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோடு அருகே வந்திறங்கினார். அடுத்த நூற்றாண்டில் தூத்துக்குடி, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களில் போர்த்துக்கீசியர் வணிகமும் சமயப் பணியும் நடத்தினர். 1658இல் இவ்விரு ஊர்களும் டச்சுக்காரர் வசமாயின. ஆட்சி போனாலும் சொற்கள் தங்கின. ஜன்னல் (ஜனேலா), அலமாரி (அர்மாரியோ), மேசை (மேசா) ஆகியனவும் அவ்வாறு வந்தவையே. இவற்றின் இலத்தீன் மூலங்கள் முறையே கதவைக் குறிக்கும் 'இயானுவா', 'அர்மாரியம்', 'மென்சா' என்பன.

தமிழ்ச் சொற்கள்

இக்கருவிக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. திறவுகோல், தாழ்க்கோல் என்பன பழைய சொற்கள். போர்த்துக்கீசியர் முதலில் காலூன்றிய மலையாள நாட்டில் 'தாக்கோல்' என்பதே இன்றும் பொதுவழக்கு. இலங்கைத் தமிழர் 'திறப்பு' என்கின்றனர். கோயம்புத்தூருக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையம் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தின் பேச்சுவழக்கில் 'தொறப்பு', 'தொறப்புக்குச்சி' என்பன உண்டு. திற என்னும் வினை அங்கு 'தொற' என ஒலிப்பதால் இவ்வடிவங்கள் அமைந்தன. பள்ளிப் பாடமும் நாளிதழும் 'சாவி' என்றே எழுதுவதால், வட்டாரச் சொல்லைக் கொச்சை என ஒதுக்குவோர் உண்டு. உண்மையில் அதுவே தமிழ் வேரில் பிறந்த சொல்.

ஒலியொத்த சொல்

மணி பிடிக்காத பயிரையும் பதரையும் உழவர் 'சாவி' என்பர். இது 'சா' என்னும் வினையடியில் பிறந்த தமிழ்ச்சொல். இரண்டும் ஒரே வடிவில் எழுதப்பட்டாலும், பூட்டுச் சாவிக்கும் பயிர்ச் சாவிக்கும் பிறப்பில் தொடர்பில்லை.