ஓட்டல் சாப்பாடு: ஆசாரமும் பத்தியமும்

ஓட்டலுக்குப் போகும்போது சிலர் "சமைத்தது யார்?" என்று கேட்பார்கள். இது ஆசாரம். சிலர் "இதில் என்ன சேர்த்திருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். இது பத்தியம். இரண்டும் உணவுக் கட்டுப்பாடுதான். ஆனால் திருச்சி, ஸ்ரீரங்கம் வரலாற்றைப் பார்த்தால், முதல் கேள்விக்குக் கிடைத்த மரியாதை இரண்டாவது கேள்விக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை.

பத்தியம் ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல. ரங்கநாதர் கோயிலில் தன்வந்திரிக்குத் தனி சன்னதி உண்டு. ஹொய்சளர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், இங்கே ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. பிறகு அழிந்துபோன அதை 1493இல் மீண்டும் அமைத்ததைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. மருந்து கொடுக்கும் இடத்தில் பத்தியமும் இருக்கும்தானே!

அந்தக் காலத்தில் யாத்திரை வந்தவர்களுக்குக் கட்டுச்சாத மூட்டை அல்லது சத்திரம்தான் கதி. ஆசாரம் பார்ப்பவர்கள் கண்ட இடத்தில் கை நனைக்க மாட்டார்கள். இந்த வழக்கத்தை அசைத்தது ரயில். ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்பவர் எங்காவது சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே அதற்கு ஒரு வழி செய்தது. நிலையங்களில் இருந்த சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். ஊருக்குள்ளும் "பிராமணாள் காபி கிளப்" என்ற பலகைகள் தொங்கின. ஆசாரம் பார்ப்பவருக்கு அது சௌகரியமான அறிவிப்பு. அதே காசைக் கொடுத்து அதே காபியைக் குடிக்க வந்த மற்றவருக்கு அது அவமானம். தாழ்த்தப்பட்டவர்களையோ பல ஓட்டல்கள் உள்ளேயே விடவில்லை.

சுயமரியாதை இயக்கம் இதைத் தொடர்ந்து எதிர்த்தது. 1941இல் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் இந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சாதியைக் காட்டி யாரையும் உணவு விடுதிக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்றது. ஆனாலும் பலகைகள் இருந்தன. சென்னையில் அப்படி ஒரு பலகையை எதிர்த்துப் பெரியார் 1957இல் தொடங்கிய போராட்டம் அடுத்த வருடம் வரை நீண்டது. ஸ்ரீரங்கத்திலேயே 2012இல் ஓர் உணவகப் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் இயக்கத்தினர் போராடினார்கள்.

"வெங்காயம், பூண்டு சாப்பிடாதவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு "வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை" என்று எழுதினால் போதுமே! சமையல்காரரின் சாதியோ பக்கத்தில் உட்காருபவரின் சாதியோ சாம்பாரில் கரைவதில்லை. தன் இலையில் என்ன விழ வேண்டும் என்று தீர்மானிப்பது ஒருவரது உரிமை. அடுத்தவர் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது உணவுக் கட்டுப்பாடே அல்ல.

இன்று சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இட்லி சாம்பார் நல்லது என்று நம்பிச் சாப்பிடுவார். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். தோசையை எண்ணெய் குறைத்துப் போடச் சொல்லலாம். பொங்கலில் நெய்யைப் பிரிக்க முடியாது. இதெல்லாம் சமையலறைக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

2020இல் வெளியான உணவுப் பாதுகாப்பு விதிகள், மெனுவில் கலோரி அளவையும், ஒவ்வாமை தரும் பொருள்களின் விவரத்தையும் தரச் சொல்கின்றன. 2022இல் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவற்றுக்கும்தான் இது கட்டாயம். தெற்கு வாசல் பக்கம் இருக்கும் ஒரு சின்ன மெஸ்ஸுக்கு இது பொருந்தாது. அங்கே நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

யார் சமைத்தது என்று பலகையில் எழுதிவைக்க ஒரு காலத்தில் இடம் இருந்தது. என்ன சமைத்தது என்று எழுதிவைக்கவும் அதே பலகையில் இடம் இருக்கும்.